எந்த ம்?

விளக்கைத் தாழ்த்துங்கள். செல்வதாஸ் இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்லலாம்.

ருஷ்ய நாவல்களில் பேய் பனி கொட்டும் இரவில் வரும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இது நடந்தது உச்சி வெயிலில்… மதியம் பன்னிரண்டு. ஐம்பத்துமூன்றாம் வருஷம். முட்டத்திலிருந்து வடக்கே, பனைகளுக்கு நடுவே போகிற செம்மணல் பாதை. ஆள் கிடையாது. காக்கை கூடக் கிடையாது.

நடந்து போனவர் செல்வதாஸின் அக்காள் கணவர், டைட்டஸ். சிரிக்காதீர்கள், பெரிய படிப்பாளி. மெட்ராஸில் காலேஜ் வாத்தியார். பேச்சை விட்டுவிட்டு, பேச்சோடு கூட வருகிற சத்தங்களை ஆராய்கிறவர். கனைப்பு, பெருமூச்சு, 'ச்சு', 'ம்'. லீவுக்கு வந்தால் மீன்காரிகளை வழியில் நிறுத்தி, "இன்னொரு தடவை பெருமூச்சு விடு" என்பார்.

"இதுக்குச் சம்பளமும் தாறாங்களா சாரே?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

அதற்கும் "ம்" என்றார். மூக்கால்… கீழ்நோக்கி… எச்சில் துப்புவதுபோல. அத்தனை ம்களை ஆராய்ந்த மனிதர், உலகத்துக்கு அந்த ஒன்றைத்தான் கொடுத்தார்.

அன்று பாதையில் பின்னால் ஒரு பெண்குரல். சொற்களைக் காற்று தின்றுவிட்டது. "பிள்ளைய…" என்பது கேட்டது. அப்புறம், கடைசியில் தூக்கிய "…இயா?" மட்டும். ஏதோ கேள்வி. அழுகிய பனம்பழ வாடை குப்பென்று வந்தது. அவர் திரும்பவில்லை. "ம்" என்றார். அதே ம்.

கொஞ்சம் நடந்த பிறகுதான், தன் செருப்பைத் தவிர வேறு காலடிச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. திரும்பினார். வெறும் பாதை. மணலில் அவர் தடம் மட்டும்.

பயந்தாரா? பூரித்துப் போனார். வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையைத் திரும்பியும் பாராமல், மனைவி நேசம்மாளிடம் நடந்ததைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். சொல் கேட்காவிட்டாலும், ராகத்திலேயே கேள்வி புரிந்துவிடுகிறதாம்.

அவள் முகம் வெளுத்தது. "பிள்ளைய என்ன கேட்டா?"

"யாருக்குத் தெரியும்?"

"என்னன்னு தெரியாமயா ம்முன்னு சொன்னிய?"

"ஏட்டி, ம் ஒரு பதிலாக்குமா? மாடு கூடச் சொல்லும். அதுவும் நான் சொன்னது இளக்கார ம். வேண்டாம், போன்னு அர்த்தம்."

"வீட்டுலயும் அந்த ம்முதான போடுதிய," என்றாள் நேசம்மாள். "நான் சரியின்னுல்லா எடுக்கேன்."

கல்யாணமான நாள்முதல் அன்றுதான் அவள் சொன்னது அவர் காதில் ஏறியது.

செருப்புப் போடாமல் அந்தப் பாதைக்கு ஓடினார். நேசம்மாள், உள்ளே எதுவும் நுழையாதபடி வாசலை மறித்து நின்றாள். சுடுமணலில் நின்று, பனைகளைப் பார்த்து, இலக்கணம் பிசகாமல் கத்தினார் நம் படிப்பாளி: "என் பிள்ளையை நான் தர மாட்டேன்." இரண்டாம் தடவை இங்கிலீஷில்.

ஓலைச் சலசலப்பு நின்றது… பிறகு, காதுக்கு மிகப் பக்கத்தில்…

"ம்."

திரும்பி வந்தவரிடம் நேசம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "எந்த ம்மு?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளைத் தாண்டி உள்ளே யாரும் போகவில்லை. பிள்ளைக்குக் காலையில் கொடுத்த பாலோடு சரி. பசித்து அலறும் நேரம். அவளுக்குப் பால் கட்டி மார் வலித்தது. ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளை அழவில்லை. மாரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு திம்மென்று இருந்தது. தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்… சின்னதாக ஓர் ஏப்பம்.

கடைவாயில் பால் வழிந்தது. நேசம்மாள் விரலால் துடைத்தாள்.

சில்லென்றிருந்தது.