சிவப்புப் பட்டை

வேண்டாத சாமான் வீட்டில் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. பழசு எதையும் என் கண்ணில் படாமல்தான் மனைவி ஒளித்து வைப்பாள். வேலையிலும் நான் அப்படித்தான்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் திரைகளின் நிறம், எழுத்தளவு எல்லாவற்றுக்குமான விதிகள் அடங்கிய ஸ்டைல் ஷீட் என்ற கோப்பு பதினோரு வருடமாக என் பொறுப்பு. அது ஊதிப் பெருத்துவிட்டது. திரை திறக்க நேரமாகிறது என்று மேனேஜர் தினமும் காய்ச்சினார். ப்ளக்இன் என்ற ஒரு துணை நிரலைச் சேர்த்தேன். பக்கங்களில் எங்கும் பெயர் தென்படாத விதிகளை அது தானே வெட்டிவிடும். கோப்பு எட்டில் ஒரு பங்கானது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார்.

மருந்து ஒவ்வாமை உள்ள நோயாளி என்றால் பெயருக்கு மேல் சிவப்புப் பட்டை வரும். அந்தப் பட்டைக்கான விதியின் பெயர் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. நோயாளியின் விவரத்தைத் திறக்கும்போதுதான் உருவாகும். அதனால் 'வெட்டக்கூடாது' பட்டியலில் நாம்தான் சேர்க்க வேண்டும். மறந்துவிட்டேன். எச்சரிக்கை மற்ற எழுத்தோடு எழுத்தாகக் கலந்துபோனது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது வார்டு நர்ஸ் போன் செய்தாள்.

"அண்ணே, அந்த செவப்புப் பட்டை வர்றதே இல்லையே? என் கண்ணுதான் அவிஞ்சு போச்சா?"

"கண்ணாடி போடுற வயசு வந்திருச்சும்மா."

சிரித்துவிட்டு வைத்தாள்.

அவள் சொன்னதுமே என் மறதி எனக்குப் புரிந்துவிட்டது. உடனே திருத்தினால் காரணம் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கை கொடுத்தவர் முகத்தில் எப்படி முழிப்பது? அடுத்த வார மாற்றங்களோடு சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, அந்த நர்ஸ் போட்ட ஊசியில் ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். காலில் புண் என்று வந்தவர். அந்த மருந்து அவருக்கு ஆகாது.

மதியமே 'வெட்டக்கூடாது' பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்து எதுவும் வாங்கவில்லை.

சாயங்காலம் விசாரணைக்கு வந்தவர்கள் டிரைவரின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். பட்டை பளிச்சென்று நின்றது.

நர்ஸ் திரையையே பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இவ்ளோ பெருசா இருந்திருக்கு. கண்ணாடி போடச் சொன்னீங்களே அண்ணே. நான்தான் கேக்கல."

அவளை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். வழக்கும் நடக்கிறது. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தப்பு தன்னுடையது என்று அவளே ஒத்துக்கொண்ட பிறகு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? அன்று விசாரணை முடிந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.