போன் யார் கையில் என்று கேட்ட பானு அக்காவுக்கு

தாராவிச் சந்துகளின் நாடி அறிந்தவரே! நோகாமல் ஊசி ஏற்றி, நொந்து வந்தவரிடம் நயமாய்ப் பேசி, எங்கள் அறக்கட்டளைப் பரிசோதனைக்கூடத்தின் சன்னலில் முப்பத்தோரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் அமர்ந்திருந்த அன்பின் அரசியே, அக்தர் பானு அம்மையீர்! வணக்கம்.

'அம்மையீர்' என்றதற்கே நீங்கள் முறைப்பது தெரிகிறது. இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை முதல் பழையபடி அக்காதான்.

கண்ணாடிச் சில்லில் சளியைத் தடவி, நுண்ணோக்கியில் கண் பதித்துக் கிருமி தேடிய காலத்தில் வந்து சேர்ந்தீர்கள். இயந்திரமே கிருமியைக் கண்டு சொல்லும் காலத்தில் விடைபெறுகிறீர்கள். வந்த கருவிகளையெல்லாம் 'மெஷின் சார்' என்று மரியாதையாக அழைத்தீர்கள். ஆனால் எந்த மெஷின் சாரிடமும் மனிதரை ஒப்படைத்துவிட்டு நீங்கள் எழுந்துபோனதில்லை. அதை நாங்கள் வாய்பிளந்து பார்த்த நாளை இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

ரிப்போர்ட் நேராகப் போனுக்கே போகும் ஏற்பாடு வந்த புதிது. நீங்கள் திரையில் 'சரி' என்று அழுத்தினால் போதும், முடிவு பறந்துவிடும். லெதர் பை தைக்கும் சுடலைக்கண்ணனுக்குக் காசநோய் என்று அன்று முடிவு வந்தது. அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. அவர் தந்திருந்த எண்ணை வேறு பலர் பெயருக்கு எதிரேயும் நீங்கள் பார்த்திருந்தீர்கள். கார்கானா என்னும் பட்டறையிலேயே உண்டு உறங்குபவர்கள் அடிக்கடி சிம் மாற்றுவதால், எங்கே கேட்டாலும் முதலாளி சேட்டின் எண்ணையே கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். அந்தச் சேட் அப்துல் வாஹித், இருமினார் என்பதற்காகவே ஒருவரை முந்தைய ஆண்டு ஊருக்கு ரயிலேற்றியவர். செய்தி போயிருந்தால் சுடலைக்கண்ணனுக்கு வேலையும் போயிருக்கும், படுக்க இடமும் போயிருக்கும்.

'தாமதம்' என்று திரை சிவந்தது. கணினியைக் கவனிக்கும் சாதனா, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று பதறினார். நீங்கள் திறக்காத சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு மழையில் கார்கானாவுக்கு நடந்தே போனீர்கள். சுடலைக்கண்ணனை வெளியே அழைத்து, அவரிடம்தான் முதலில் சொன்னீர்கள். சேட்டிடம் சொல்லத் துணைக்கு வர முடியுமா என்று அவர் கேட்டார். உள்ளே விஷயம் கேட்டு எல்லோரும் விலகி நகர்ந்தபோது, நீங்கள் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றும், கொஞ்ச நாள் அவர் தனியே படுக்க வேண்டும் என்றும், மற்றவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றும் விளக்கினீர்கள்.

"மேல மாடியில தனியா படுக்கட்டும் லாத்தா. மருந்து முடியிற வரைக்கும் அவன் மெஷின்ல வேற ஆள உக்கார வைக்க மாட்டேன்" என்றாராம் சேட்.

என்னே உங்கள் திறம்! கோபத்துக்கே பேர்போன மனிதரைக் குரல் உயர்த்தாமல் கரைத்துவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டீர்கள். எங்களுக்குத்தான் அந்த வியப்பு இன்னும் ஆறவில்லை.

அன்று முதல் சன்னலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இந்த போன் யாரு கையில இருக்கும்?" அண்ணன் கையில் என்று தயங்கிய பெண்களுக்கும், மகன் கையில் என்று தலைகுனிந்த பெரியவர்களுக்கும் முடிவை நேரில் சொன்னீர்கள். எத்தனை பேரின் மானம் உங்களிடம் பத்திரமாக இருந்தது என்று எங்களுக்கே தெரியாது.

தன் கதையை இங்கே சொல்லலாம் என்று அனுமதித்தவர் சுடலைக்கண்ணனே. இம்மடலின் தோல் சட்டம், அவர் தமது அதே மெஷினில் தைத்தது. பின்வரிசையில் சேட்டுக்குப் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

சாதனாவும் ஒரு பரிசு செய்திருக்கிறார். இன்று காலை முதல், எண்ணைப் பதிந்ததும் திரையில் உங்கள் கேள்வி வருகிறது. பதில் பதியாமல் ரிப்போர்ட் நகராது. உங்கள் நாற்காலிக்கு யார் வந்தாலும், இனி மெஷின் சாரே கேட்பார்.

ஆகவே அக்கா, நிம்மதியாகப் போய் வாருங்கள். இனியாவது சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு, நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள்!

என்றும் உங்கள் அன்பில்,
பரிசோதனைக்கூட ஊழியர்கள், தாராவி