கிடங்குக்காரருக்கு நவுன் பாடம்

ஹலோ... ஹலோ, நான்தான். உள்ளே கூப்பிட்டுட்டாங்களா?... இன்னும் இல்லையா? பெஞ்சுல உட்கார்ந்து என்ன பண்றீங்க, சுவரைப் பார்த்துட்டு இருக்கீங்களா?... சரி, சரி. எனக்கு அடுத்த பீரியட் கிளாஸ் இருக்கு. அதுக்குள்ள கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம். நவுன்னா என்ன?... ஆமா... ஆமா, ஆள், இடம், பொருள். பரவாயில்லையே.

இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்காங்க, கேட்கட்டும்... என்ன கூச்சம்? வீட்டுல கேட்குறதைத்தானே இங்கயும் கேட்கப் போறேன். டீச்சர், இவர்தான் எங்க வீட்டுக்காரர். கிடங்குல மூட்டை தூக்குறாரு. இன்னைக்கு இங்கிலீஷ் பரீட்சையில பாஸ் பண்ணிட்டா சரக்கு சரிபார்க்கிற செக்கர் வேலையாம், ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸாம். நானும் நம்பிட்டு உட்கார்ந்திருக்கேன்.

ம், சொல்லுங்க. ‘தி ஒய்ஃப் ஃபீட்ஸ் தி ஹஸ்பண்ட்.’ இதுல நவுன் எது எது?... ரெண்டும் சரி. யார் செய்யுறது?... ஒய்ஃப். அது சப்ஜெக்ட். அப்போ ஹஸ்பண்ட்?... ஆப்ஜெக்ட். அதாவது சும்மா உட்கார்ந்து வாங்கிக்கிறவர். இதுல மட்டும் உங்களுக்குச் சந்தேகமே வராது, அத்தனை வருஷ அனுபவம்.

சிரிங்க டீச்சர், தாராளமா சிரிங்க. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரிதான், அவருக்கு ஒண்ணும் உறைக்காது.

‘தி மேன் பிரேக்ஸ் தி கப்.’... ம்... ம். கப்புதான் ஆப்ஜெக்ட். மேன் யாருன்னு தெரியுதில்ல? எங்கம்மா கொடுத்த செட்டுல ஒண்ணு மிச்சம் வச்சீங்களா?... பரீட்சையில அதை யாரும் கேட்க மாட்டாங்கதான். நான் கேட்பேன்.

ஆமா, என்ன இன்னைக்கு டக்கு டக்குன்னு வருது? நம்ம பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல ஊதித் தள்ளின பாடம், நேத்து வரைக்கும் இதுக்குப் பேய் முழி முழிச்சீங்க. பக்கத்துல யாராவது சொல்லிக் கொடுக்கிறாங்களா?... அதானே பார்த்தேன், உங்க பக்கத்துல யார் உட்காருவா.

என்ன?... என்ன சொல்லணும்?... ஒரு நல்ல வார்த்தையா? உள்ளே போறதுக்கு முன்னாடியா? கேட்டீங்களா டீச்சர், கொஞ்சுறதுக்கு ஆள் தேடுது. ஏங்க, நல்ல வார்த்தையெல்லாம் மார்க் வாங்கினவங்களுக்கு. இன்னைக்கும் ஊத்திக்கிச்சுன்னா உங்களை நான் தண்ணி தெளிச்சு விட்டாச்சு... ஆமா, ஆமா, கூப்பிடுறாங்க, போங்க. கட் பண்ணாதீங்க, போனை பெஞ்சுலயே வச்சிட்டுப் போங்க. உள்ளே எப்படி உளறுறீங்கன்னு கொஞ்சமாவது காதுல விழட்டும்.

...ஹலோ... யாரு?... சூப்பர்வைசர் சாரா? வணக்கம் சார். நான் அவர் வீட்டுக்காரி சார்... நல்லா இருக்கேன் சார். சார், அவருக்கு மண்டையில கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும், நீங்கதான் பார்த்து மார்க் போடணும்... பரீட்சை முடிஞ்சுடுச்சா? எப்போ சார்?... போன மாசமேவா?... முதல் மார்க்கா? சார், நீங்க வேற யாரையோ சொல்றீங்க. இவரு கொஞ்சம் கூன் போட்டு நடப்பாரு, அதிகம் பேச மாட்டாரு... ஆமா... ஆமா, அவர்தான்.

அப்போ இன்னைக்கு எதுக்கு சார் கூப்பிட்டீங்க?... டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல கையெழுத்துப் போடவா?... எந்தக் கிடங்கு?... அவ்வளவு தூரமா? அவரே கேட்டு வாங்கினாரா?... குவார்ட்டர்ஸ் வேண்டாம், ஒத்தை ஆள் தங்குற ரூம் போதும்னா?... தெரியும் சார். தெரியாம இருக்குமா, வீட்டுல பேசி முடிவு பண்ணினதுதான்... இந்த ஸ்பீக்கரை எங்க நிறுத்துறது, சனியன்... டீச்சர், ஒண்ணுமில்லை, நீங்க உங்க வேலையைப் பாருங்க... ஆங், சொல்லுங்க சார். வெளியே வந்துட்டாரா? கொடுங்க சார்.

என்னங்க இது?... என்ன, கையெழுத்துப் போட்டாச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்கலை. போன மாசமே பாஸாயிட்டு, தினமும் எதுக்கு எங்கிட்ட வந்து உட்கார்ந்து பாடம் கேட்டீங்க? என்னைப் பைத்தியக்காரி ஆக்கவா?... சத்தமாச் சொல்லுங்க, கேட்கலை... மனசு மாறிடக் கூடாதுன்னா?... போற மனசு மாறிடக் கூடாதுன்னுதான் தினமும் என் பேச்சைக் கேட்டீங்களா?

...பெல் அடிச்சா அடிக்கட்டும் டீச்சர், பிள்ளைங்க கத்தினா கத்தட்டும். ஏங்க, நான் என்னத்தைச் சொல்லிட்டேன்? வாய்தான் அப்படி, உங்களுக்குத் தெரியாதா?... சரி, தப்புதான். தப்புன்னே வச்சிக்கோங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்... ஏன் வர மாட்டீங்க? துணிமணியெல்லாம் இங்கதானே... எடுத்துட்டுப் போயாச்சா?

எனக்குப் பயமா இருக்குங்க... விளையாடாதீங்க. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து அப்பா எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?... அவளுக்குத் தெரியுமா? அவளுக்கு முன்னாடியே தெரியுமா? அவ என்ன சொன்னா?... ‘முதல்ல நீங்க போங்கப்பா, படிப்பு முடிஞ்சதும் நான் வந்துடுறேன்’னு சொன்னாளா? எம்பொண்ணா?... ஏங்க... இருங்க, வைக்காதீங்க... ஏங்க...

ஹலோ.