அல்பொன்சா வாசித்த கடைசி அறிவிப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகசபைப் பெரியோரே, விடிவெள்ளிக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சுஹைர் நானா அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் பாக்கியம்மா அவர்களே, கதிரை போதாமல் வாசலில் நிற்கும் கண்டக்குழி மக்களே,

எல்லோருக்கும் வணக்கம். ஸலாம்.

நான் இனாஸ். இந்தச் சங்கத்தின் செயலாளர். ஆறு வருடங்கள் அல்பொன்சா அக்காவுக்கு அடுத்த மேசையில் வேலை செய்தவன்.

கடல் அறிவிப்பாளர் அல்பொன்சா! இந்தப் பட்டத்தை எந்தச் சபையும் அவருக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள். பிறகு நீங்களே நிறுத்தினீர்கள். சென்ற வாரம் டெங்குக் காய்ச்சலில் இறந்தார். முப்பத்தொன்பது வயது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தினமும் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கணினியின் முன் அமர்வார். திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் அவருடைய காதுக்குள் வாசிக்கும். அவர் வைத்திருந்த வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் விளங்காது. மவுசைத் தொடமாட்டார். எல்லாம் விசைகள்தான். கேட்டதை ஒலிபெருக்கியில் தன் குரலில் சொல்வார். காற்று எவ்வளவு. அலை எவ்வளவு. போகலாமா, கூடாதா. நான்கு மணிக்கு வள்ளங்கள் இறங்கும்.

ஒரே ஒரு விண்டோ. அதற்குள் நான்கு டெப்கள், அதாவது நான்கு பக்கங்கள். முதலாவதில் இன்றைய வானிலை அறிவிப்பு. இரண்டாவதில், ஒப்பிடுவதற்காகச் சேமித்து வைத்த நேற்றைய அறிவிப்பு. மூன்றாவதில் அலை உயரம். நான்காவதில் சங்கக் கடிதங்கள். கொன்ட்ரோல் விசையையும் ஒன்றையும் அழுத்தினால் முதலாவது டெப். கொன்ட்ரோலையும் இரண்டையும் அழுத்தினால் இரண்டாவது. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை.

சுஹைர் நானா ஒருமுறை கேட்டார்: "புள்ள, எந்தப் பக்கத்தில நிக்கிற எண்டு ஒனக்கு எப்பிடி வெளங்குது?"

"ராத்திரி இருட்டில உங்கட வள்ளத்தை எப்பிடி நானா கண்டுபிடிக்கிறீங்க?"

"கரையில மூணாவது என்ட வள்ளம்."

"இதுவும் அப்பிடித்தான்."

"ஆராச்சும் மாத்திக் கட்டினா?"

"கட்டினவனைப் பிடிச்சுக் கடலுக்குள்ள தள்ளுவன்."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், வெயில் கொளுத்திய ஒரு நாள். "போக வேண்டாம்" என்று அறிவித்தார். வள்ளக்காரர் யூட் வாசலில் நின்று கத்தினார்: "கண் தெரிஞ்ச நாங்க பாக்கிறம், கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு!" அக்கா ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்: "யூட், அந்தக் கண்ணாடியில முகத்தைப் பாத்திட்டு வீட்டை போ." ஊரே கேட்டது. யூட் திட்டிக்கொண்டே போனார். பொழுது சாயும் முன்பே கடல் எழும்பியது.

அன்று எத்தனை பேர் வீட்டில் உயிருடன் இருந்தீர்கள்? ஒருவராவது அவருக்கு நன்றி சொன்னோமா? நடக்காமல் போன சாவுக்கு யார் நன்றி சொல்வார்கள்!

இதுவரை சொன்னது புகழுரை. இனிச் சொல்லப்போவது அதுவல்ல.

போன நவம்பர், பதினான்காம் திகதி. மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். ஒரு படிவம் அச்சடிக்க வேண்டியிருந்தது. அவருடைய கணினியில் உட்கார்ந்தேன். மவுசைப் பிடித்தேன். தவறுதலாக முதலாவது டெப்பை அழுத்தி இழுத்துவிட்டேன். அது பிய்ந்து தனி விண்டோவாக வந்தது. எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சுருக்கித் திரையின் அடியில் ஒதுக்கினேன். மறந்துபோனேன்.

கண்ணுள்ளவன் திரையைப் பார்த்தால், அடியில் இன்னொன்று கிடப்பது தெரியும். அந்த மென்பொருளோ, நாம் நிற்கும் இடத்தைத்தான் வாசிக்கும். வேறெங்கே என்ன கிடக்கிறது என்று, கேட்டால் ஒழியச் சொல்லாது.

வரிசை மாறியிருந்தது. இப்போது முதலாவது, நேற்றைய அறிவிப்பு. தலைப்பு இரண்டுக்கும் ஒன்று.

அக்கா வரப் பத்து நிமிடம் பிந்தியது. கரையில் இஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவருக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தினேன்.

"கெதியா அக்கா. அவங்க வெளிக்கிட்டிட்டாங்க."

"பொறு, அறிவிப்பில திகதியைக் கேக்கவேணும்."

"இண்டைக்குப் பதினாலுதானே! நான் சொல்றன். நீங்க வாசிங்க."

என்னை நம்பினார். திகதியைத் தாண்டி, எங்கள் கடற்பரப்பின் தலைப்புக்கு நேரே போனார். காற்று மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் என்று வாசித்தார். அலை டெப்புக்குப் போக நான் நேரம் விடவில்லை. நேற்றைய காற்று. இன்றைய காற்று எழுபது. மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த வரி நான் ஒதுக்கிவைத்த விண்டோவில் இருந்தது.

யாகப்பு ஐயாவின் மகன் றொமேஷ். இருபத்திரண்டு வயது. மூன்றாம் நாள் உச்சமுனைக் கரையில் உடல் ஒதுங்கியது.

கடல் எழும்பிய அன்றிரவே அக்கா திரும்பக் கணினிக்கு முன்னால் இருந்தார். திறந்திருக்கும் விண்டோக்களை ஒவ்வொன்றாகச் சொல்லவைக்கும் விசையை அழுத்தினார். கேட்டார். காதிலிருந்ததைக் கழற்றினார்.

"இனாஸ், ரெண்டு விண்டோ கிடக்கு. நான் ஒண்டுதானே திறக்கிறனான்."

"தெரியா அக்கா."

இரண்டாம் தரம் அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இதே மண்டபத்தில் விசாரணை. யாகப்பு ஐயா சொன்னார்: "கண்ணில்லாதவள்ட கதையைக் கேட்டு எண்ட பிள்ளையை அனுப்பினன்." அக்கா எழுந்து நின்றார். "திகதியைக் கேக்காம வாசிச்சது நான்தான்" என்றார். உட்கார்ந்தார்.

இரண்டு விண்டோ இருந்ததைச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை.

அது இரக்கமா? வெறுப்பா? நானாக எழும்புவேன் என்று காத்திருந்தாரா? எனக்குத் தெரியாது. எட்டு மாதங்கள் அவர் வீட்டு ஒழுங்கையால் நான் போகவே இல்லை. கேட்பதற்கு இப்போது ஆளில்லை. இதற்கு அழகான ஒரு பதிலை உண்டாக்கி இந்த மேடையில் வைக்க நான் விரும்பவில்லை.

மக்களே! றொமேஷைக் கொன்றது பார்வையின்மையா? இல்லை. அந்தப் பக்கத்தை இரண்டு கண்ணாலும் கண்டு, இழுத்து ஒதுக்கிவிட்டுப் போனவன் நான்.

யாகப்பு ஐயா, நீங்கள் எழும்பிப் போகலாம். போகுமுன் என்னைத் திட்டிவிட்டுப் போங்கள். அந்தத் திட்டு எட்டு மாதங்கள் பிழையான வீட்டு வாசலில் கிடந்தது. பொலிஸார் கேட்டாலும் இதையே சொல்வேன். பாக்கியம்மா, தண்ணீர்க் குழாயடியில் உங்கள் மகளைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் எனக்குரியது. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. உண்மையை மட்டும் தருகிறேன்.

இது சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகம். அந்த விசாரணையின் முடிவு இதில் இருக்கிறது. வாசிக்கிறேன்: "இனிமேல் பார்வையற்ற எவரிடமும் கடல் அறிவிப்புப் பணி ஒப்படைக்கப்படமாட்டாது." என் கையெழுத்து.

அன்றிலிருந்து ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

பள்ளிவாசல்துறை அஸ்ரியா இரண்டு தடவை விண்ணப்பித்தார். அவருக்கும் பார்வை இல்லை. அதே மென்பொருளில் வேலை செய்பவர். இரண்டு தடவையும் இந்த வரியைக் காரணம் சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன். இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "நான் முதல்ல எத்தின விண்டோ எண்டு கேப்பன். பொறகு திகதி. ஆர் சொன்னாலும் காதால கேக்காம வாசிக்கமாட்டன். நீங்க என்ட மிஷினுக்குக் கிட்ட வரவாணாம்."

வரமாட்டேன். என் விலகல் கடிதம் தலைவரிடம் இருக்கிறது.

கடல் அறிவிப்பாளர் அல்பொன்சாவின் பணி நாளை மூன்றரை மணிக்கு மீண்டும் தொடங்கவேண்டும். அதற்கு இந்த வரியை இன்றே வெட்டவேண்டும். மலர்வளையத்தை விட அதுவே அவருக்குச் சேரும்.

தீர்மானத்துக்குக் கை உயர்த்துவது எங்கள் வழக்கம். இன்று உயர்த்த வேண்டாம். அஸ்ரியா அந்த வாசலில் நிற்கிறார். உங்கள் கை அவருக்குத் தெரியாது.

சம்மதம் என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.