சோலை வெட்டிய மேல்வாய்க்கால்

பாத்தி கட்டிப் பசுமை வளர்த்துப் பிணியாளர் பசியாற்றிய பண்பாளரே! எங்கள் தேயிலைத் தோட்ட மருத்துவமனையின் காய்கறிப் பாத்திகளை இருபத்தாறு ஆண்டுகள் காத்து, இன்று ஓய்வு கொள்ளும் அன்புக்குரிய சோலை அவர்களே! தங்களுக்கு நேர்ந்த ஒன்றைத் தங்கள் முன்னிலையிலேயே சபைக்குச் சொல்ல விடை தாருங்கள்.

பெருவெள்ளம் வந்த ஆண்டு அது. கால் ஒடிந்து வந்த கொழுந்து பறிக்கும் ராசம்மாள், எலும்பு கூடி எழுந்து நடந்த வாரத்திலேயே விஷக்காய்ச்சல் கண்டு மாண்டார். அடுத்தடுத்து நால்வர் படுத்தனர். குடிநீரைக் காய்ச்சியே கொடுத்துவந்த டாக்டர் சுவக்கீன் காரணம் தெரியாமல் கலங்கினார். சோலைக்கோ வேறொன்று உறுத்தியது. குழம்பை எல்லாரும் உண்டனர். பச்சை முள்ளங்கியைக் கேட்டு வாங்கித் தின்றவர்களே படுத்திருந்தனர். ஓடையோரம் ஏறிப் பார்த்தார். வெள்ளத்தில் கரை சரிந்த இடத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களின் கழிவு அவர் பாத்திக்கு வரும் வாய்க்காலில் கலந்துகொண்டிருந்தது.

வாய் திறவாமல் இருந்திருக்கலாம்; அவரைச் சந்தேகித்தவர் எவருமில்லை. நேரே டாக்டர் முன் போய் நின்றார்.

"அய்யா, குடிக்கிற தண்ணியக் காச்சித்தான குடிக்கோம்? முள்ளங்கிக்கு யாரு காச்சி ஊத்துனா? அந்தப் பொம்பளைக்குத் தெனமும் பறிச்சுக் குடுத்தது நாந்தான்."

"தெரிஞ்சா குடுத்தீரு, சோலை?" என்றார் டாக்டர்.

வாய்க்கால் நீர் புட்டியில் அடைபட்டுச் சோதனைக்காகச் சென்னைக்குப் போயிற்று. கிருமி உண்டென்று மறுமொழி வருமுன்பே, தோட்டத் துரையின் விருந்துக்கென நின்ற விளைச்சல் முழுவதையும் சோலை தம் கையாலேயே பிடுங்கிப் புதைத்தார். துரை சினந்தார், சோலை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. லயங்களுக்கு மேலிருந்த ஊற்றிலிருந்து, பாறை பெயர்த்துப் புதுவாய்க்கால் வெட்டத் தொடங்கினார்.

ராசம்மாளின் தாய் பெரியம்மாளிடமும் அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார் அந்தத் தாய். பதினொரு நாள் கழித்துக் கூடையோடு வந்தார். வாய்க்கால் வேலைக்குக் கல் சுமந்தார். மூன்று மாதத்தில் மேல்வாய்க்கால் வழியே ஊற்றுநீர் பாத்திக்கு இறங்கியது. அதன்பின் எங்கள் பாத்திக் காயால் ஒருவரும் படுக்கவில்லை.

உண்மையை உரைத்த உத்தமரே! இம்மடலைப் படிக்கும் இந்நேரமும் சுவரோரம் நின்றபடியே கேட்கிறீர்கள். தங்களுக்காகப் போட்ட நாற்காலி இது. வந்து அமருங்கள், நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள்!

தங்கள் அன்பை மறவாத,
மருத்துவமனை ஊழியர்கள்
1931