பக்கத்து நட்சத்திரம்

— உங்க அறிக்கையில நன்றி சொல்ற பட்டியல்ல பதினோராவது பேரு என்னோடது. கூரைக் கதவுக்கு எண்ணெய் போட்டவருக்கு அடுத்து!

— இதப் பாரு, நாலு மணிக்கு நிருபருங்க வராங்க. இன்னிக்காவது சண்டை வேண்டாம். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டியா?

— உங்க சட்டை, உங்க கை. ஒன்பது வருஷம் முன்னாடி, அந்த நட்சத்திரத்தோட வெளிச்சம் மாறுதுன்னு நான் சொன்னப்போ, எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க?

— ஆயிரத்துல ஒரு பங்குதானேம்மா மாறுச்சு! தரையிலேர்ந்து பார்த்தா, காத்து அசைஞ்சாலே அவ்வளவு வித்தியாசம் வரும். தொலைநோக்கிக் கூடத்துக்குத் தலைவர்னா கேள்வி கேக்க வேண்டாமா?

— கேள்வியா கேட்டீங்க? "என் வீட்டுக்காரியோட மனசு மாதிரிதான் அவ அளவும், ஒரு நிலையில நிக்காது"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் எரியுது.

— சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. இப்போ செயற்கைக்கோளே சொல்லிடுச்சே, நாலு நாளைக்கு ஒரு தடவை மங்குதுன்னு. சந்தோஷப்படேன்.

— கண்டுபிடிச்சது நீங்கன்னு போட்டிருக்கு.

— இதப் பாரு, உன் வரைபடமே தலைகீழ். செயற்கைக்கோள்ல மங்குற நேரத்துல, உன்னோடதுல வெளிச்சம் ஏறுது! பிளஸ், மைனஸை மாத்திப் போட்டிருக்கே. நான் திருப்பிப் போட்டு உன் மானத்தைக் காப்பாத்தினேன்.

— என்னை ஒரு வார்த்தை கேக்காம.

— தப்பைத் திருத்த அனுமதி வேற வேணுமா?

— தப்பே இல்லைங்க. ஒரு நட்சத்திரம் மாறுதான்னு பார்க்க, மாறாத இன்னொண்ணைப் பக்கத்துல வெச்சுத்தானே ஒப்பிடுவோம்?

— எனக்கே பாடமா?

— செயற்கைக்கோள் கேமராவுல அந்த ரெண்டும் ஒரே புள்ளியாத்தான் விழும். மங்குறப்போ அந்தப் புள்ளி எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு ஒரு வாரமா உக்காந்து அளந்தேன். நம்ம நட்சத்திரத்துப் பக்கம் ஒதுங்குது. மங்காதது பக்கம்தானே ஒதுங்கும்? அப்படின்னா மங்கினது அந்தப் பக்கத்து நட்சத்திரம். அது இறங்கினதாலதான், அதை வெச்சு அளந்த என் கோட்டுல இது ஏறினமாதிரி தெரிஞ்சுது. நம்மது இமைக்கக்கூட இல்லை.

— ஐயோ, அறிக்கை காலையிலேயே போயிடுச்சே! அந்தப் பக்கத்து நட்சத்திரம் மாறவே மாறாது, நம்பி ஒப்பிடலாம்னு எந்த மடையன் எழுதி வெச்சான்?

— அதை நிரூபிச்சுத்தானே நீங்க டாக்டர் பட்டமே வாங்கினீங்க.