பின்சீட்டுத் தூக்கம்

பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் இன்ஜினைப் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே முகம் இளகிவிடும். அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்காது.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எழுதுகிறேன். என் கை நடுங்குகிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டீர்கள். நடுங்கவில்லை. டீக்கு நன்றி, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

பழைய கார்களைத் தேடிப் பிடித்து, சரிசெய்து விற்பது என் தொழில். டயர்க் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருக்கிற நீளமான தகரக் கொட்டகை எங்களுடையது. பின்பாதி பட்டறை, அதை என் அக்காவின் கணவர், மச்சான், பார்த்துக்கொள்கிறார். முன்பாதியில் வண்டிகளைத் துடைத்து நிறுத்தியிருப்போம். அங்கே வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இரும்பு அவர் பாடு, மனிதர்கள் என் பாடு. என் வேலைதான் சுலபம் என்று அவர் நினைக்கிறார். நினைத்துக்கொண்டு போகட்டும்.

எங்களிடம் அதிகம் விற்பது ஒரே ஒரு மாடல். முதுகு உருண்டு, முகம் உள்ளே போயிருப்பதால் அதை எல்லோரும் ஆமை என்பார்கள். அதைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. மூடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். பிரேக்கை ஒருமுறை மிதித்தால் அது யோசிக்கும், இன்னொருமுறை மிதித்தால்தான் சம்மதிக்கும். மழை வந்தால் உள்ளேயும் வரும். எல்லாவற்றையும்விட மோசமான கோளாறு அடியில் இருக்கிறது. சைலன்சர் குழாயின் இணைப்பைக் கொண்டுபோய்ப் பின்சீட்டுக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். ஓடுகிற ஓட்டத்தில் அது ஆடி ஆடித் தளர்ந்துவிடும். கொஞ்சம் புகை வெளியே போகாமல் மேலே ஏறும். அந்தக் காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனார்கள், பிழைத்துக்கொண்டார்கள்.

இந்த வண்டியை யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்த ஆண்கள் வாங்குவார்கள். வீட்டு வாசலில் தானே கியர் மாற்றிக்கொள்ளும் புதுக் கார் நிற்கும். அதை விட்டுவிட்டு இங்கே வந்து, வண்டியின் தோள்பட்டையைத் தட்டிப் பார்த்து, "அந்தக் காலத்து இரும்பு சார், இப்ப எவன் போடறான்" என்பார்கள். அவர்கள் தட்டுவது இரும்பே இல்லை. துரு தின்ற இடத்தில் மச்சான் முந்தாநாள் பூசிய பட்டி. நான் தலையாட்டுவேன். அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு போன் போடச் சோம்பல்பட்டவர்கள், அவர் ஓட்டிய காரின் ஹாரனைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். வண்டி நடுரோட்டில் நின்று நாலு பேர் தள்ளிய அலுப்பெல்லாம் அவர்களுக்கு மறந்துவிட்டது. அப்படித் தள்ளியதும் இப்போது இன்பச் சுற்றுலா ஆகிவிட்டது.

அத்தனை பேரும் ஒரே கதையைச் சொல்வார்கள். தூரப் பயணம் போய்விட்டு வீடு திரும்பும்போது பின்சீட்டில் ஒரு தூக்கம் வருமாம். உடம்பெல்லாம் கதகதப்பாக, லேசாக ஒரு வாசனையோடு, தலை தானாகவே சாய்ந்துவிடுமாம். அப்பா தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போடுவது பாதி தெரியும், பாதி தெரியாதாம். "அந்தத் தூக்கம் அதுக்கப்புறம் எனக்கு வந்ததே இல்லைங்க" என்று கண்கலங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பெரிய கம்பெனியில் முந்நூறு பேரை மேய்க்கிறவர். அவர்களெல்லாம் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது புகை.

இதை மச்சானும் நானும் மட்டும் அறிவோம். அதனால் விற்பதற்கு முன் குழாயைப் புதிதாக வைத்து, பின்சீட்டுக்கு அடியில் தகடு அடித்து ஒழுங்காக மூடிவிடுவார். பல வருடம் அப்படித்தான் கொடுத்தோம். வாங்கியவர்களில் சிலர் திரும்பி வந்து, என்னவென்று சொல்லத் தெரியாமல் மூக்கால் அழுவார்கள். பெயின்ட் சரிதான், சீட் சரிதான், ஆனால் என்னவோ இல்லை என்பார்கள். வேலையற்றவர்களின் நோவு என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பல் டாக்டர் வந்தார்.

மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கதவை மூடிப் பார்க்கவில்லை. குனிந்து டயரைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார், பெல்ட் இல்லையே என்றார். டாக்டர் அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நினைப்பில் எங்கேயோ போய்விட்டார்.

"பின்னாடி பசங்க ரெண்டு பேர் உக்காருவாங்க. ஒண்ணும் ஆகாதில்ல?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் இதுலதானேம்மா வளர்ந்தார். அவருக்கு என்ன ஆயிடுச்சு?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அன்று நான் சொன்னதில் பொய் இல்லை. அப்போது அந்த வண்டியின் அடிப்பக்கம் தகடு அடித்து மூடித்தான் இருந்தது. தேதிகளை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் தனியாக வந்தார். எதிரில் உட்கார்ந்து, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"பசங்க தூங்கவே மாட்டேங்கறாங்க," என்றார். "ஏறின உடனே சண்டை. இல்லைன்னா போன். இந்த வண்டில நானும் எங்க அண்ணனும் எப்படித் தூங்குவோம் தெரியுமா? அதை அவங்களுக்குக் கொடுக்கணும்னுதான் இதையே வாங்கினேன். அந்த வாசனையே இல்லைங்க இதுல. நீங்க என்னமோ மாத்திட்டீங்க."

"பாதுகாப்புக்காகக் கொஞ்சம் மாத்தியிருக்கு சார்," என்றேன்.

"எனக்கு ஒரிஜினலா வேணும்," என்றார். "அப்பா காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படி."

படித்தவர். வெள்ளைக் கோட்டு போட்டவர். பாதுகாப்பு என்று நான் வாயால் சொன்ன பிறகும், எதிலிருந்து பாதுகாப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் வண்டியை விட்டுவிட்டுப் போனதும் மச்சானிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அது வாசனை இல்ல, புகை. கண்ணாடிய ஏத்திட்டுப் போனா பின்னாடி உக்காந்திருக்கறவங்க கதி என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மச்சான். கொஞ்சமாத்தான் விடப்போறோம்."

"கொஞ்சம்னு யாரு நின்னு அளந்து விடறது? நான் செய்ய மாட்டேன். நீயும் செய்யாத."

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, நானே வண்டிக்கு அடியில் படுத்து இணைப்பைத் தளர்த்தினேன். பின்சீட்டைத் தூக்கி, அவர் அடித்து வைத்திருந்த தகட்டைக் கழற்றினேன். பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு, அந்த வாசனை வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. நான் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இறங்கும்போது தலை சுற்றியது. எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

அந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே டாக்டர் போன் செய்தார். இரண்டு பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்களாம். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினாராம். பிறகு இன்னொரு நாள் போனில், பையன் வாந்தி எடுத்ததாகவும், பெண் தலைவலி என்றதாகவும் சொன்னார்.

"உங்களுக்கும் சின்ன வயசுல அப்படி ஆகியிருக்குமே சார்?" என்று கேட்டேன்.

"அட, ஆமா," என்று அவர் சந்தோஷப்பட்டார். "அம்மா புளிப்பு மிட்டாய் வாங்கிக் குடுப்பாங்க."

ஆமை வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் கூடி, ஒருவர் வண்டியை ஒருவர் மெச்சிக்கொள்வார்கள். டாக்டர் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்தடுத்து வந்தார்கள். "டாக்டருக்குப் பண்ணிக் குடுத்த அதே ஒரிஜினல் செட்டிங்" என்று கேட்டார்கள். அந்தப் பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். முந்நூறு பேரை மேய்க்கிறவரும் வந்தார். என்ன செய்யப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரை விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு இளக்காரமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவர்களுக்கெல்லாம் கார் எதற்கு, ஒரு சாக்குப்பையில் புகையைப் பிடித்துக் கொடுத்தால் போதாதா என்று தோன்றியது. ஆனால் கேட்டதைக் கொடுத்தேன். கேட்காத யாருக்கும் செய்யவில்லை.

அந்த மழை நாளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் குடும்பத்தோடு மாமியார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஆவி படியாமல் இருக்க முன்பக்கக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கியிருந்தார்கள். பிள்ளைகள் நனையக் கூடாதென்று பின்பக்கம் இறுக்க மூடியிருந்தது. வழியில் ஒரு லாரி குறுக்கே விழுந்து கிடந்ததால், இன்ஜினை அணைக்காமல் வெகுநேரம் நின்றார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று டாக்டர் பாட்டை நிறுத்தினாராம். தெருமுனைக்கு வந்தபோது அந்த அம்மாள், "எழுப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "பாவம், நல்ல தூக்கம். கலைச்சிடாத. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போனார்கள். பிறகு தன் அப்பா செய்ததைப் போலவே பையனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, செருப்பைக் கழற்றி, போர்த்தியும் விட்டிருக்கிறார். ஒரு டாக்டர். பல் டாக்டர்தான் என்றாலும் டாக்டர்.

பையன் எழுந்திருக்கவில்லை. பெண் இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்கிறாளாம்.

ஆக, நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த இணைப்பைத் தளர்த்தியது என் கை. தகட்டை எடுத்தது என் கை. உள்ளே ஏறுவது புகை என்று தெரியும். பின்னால் உட்காரப் போவது குழந்தைகள் என்றும் தெரியும். ஒரு தடவை அல்ல, அதே வேலையை ஒன்பது வண்டிகளுக்குச் செய்தேன். மற்ற எட்டுப் பேருக்கும் நேற்றே ஆள் அனுப்பி வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அவர்களில் ஒருவர் சாவியைத் தர மறுத்து, இந்த ஒரு ஞாயிறு மட்டும் போய்விட்டு வந்து தருகிறேன் என்றாராம். நீங்கள் இதைச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை.

கடைசியாக என் அக்கா சொன்னதைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆமை இருந்தது. எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு வரும்போது அக்காவும் நானும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டோம். அவன் நடுவில், என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனைத் தூக்கினார். அப்புறம் அவன் இல்லை. அவனுக்கு ஜுரம். அப்பா அப்படித்தான் சொன்னார். அன்று அவனுக்கு உடம்பு சுடவே இல்லை, ஜில்லென்றுதான் இருந்தது என்று அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அப்போது ஏழு வயது, சார். ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருந்துவிடப் போகிறது? அவன் தலை என் மடியில்தான் இருந்தது. எனக்குத் தெரியாதா?

இவர்கள் வாங்கிப்போன வண்டிகள் வேறு. அப்பா வாரம் தவறாமல் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் தன் கையாலேயே முறுக்கி வைப்பார். இந்தத் தொழிலில் நான் எத்தனையோ ஆமைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். குறையே இல்லாமல் இருந்தது எங்கள் அப்பாவின் கார் ஒன்றுதான்.